முன் இரண்டு, பின் இரண்டு

ஹியூபேட்டும் சிவபாதசுந்தரமும் கதைப்பதை நிறுத்தி நாலு வருடமும் சொச்சமும் ஆகியிருந்தன. கதைப்பதை நிறுத்தினார்களே தவிர சண்டையை நிறுத்தவில்லை. நிறுத்தவும் வழியில்லை, ஏனென்றால் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கார் இருந்தது. காணி என்றால் நடுவே வேலி போட்டுப் பிரித்துவிடலாம். காருக்கு நடுவே யாராவது வேலி போடுவார்களா? இந்த இரண்டு மகான்களும் போட்டார்கள்.

கார் என்றால் அசல் கார் இல்லை. ஐம்பதுகளில் ஐரோப்பாவில் பந்தயம் ஓடிய, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் நகல். அடியில் கிடந்தது யாரோ கழித்துவிட்ட பழைய வொக்ஸ்வாகன். அதன் எஞ்சின் பின்பக்கம் இருக்கும். துறைமுகத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்ற வெள்ளவத்தைச் சிவபாதசுந்தரம் அந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டி உயிர் கொடுத்தார். முகத்துவாரத்தில் மீன்பிடிப் படகு வார்க்கிற கொட்டாஞ்சேனை ஹியூபேட், ஒரு புத்தகத்தில் இருந்த ஏழு படங்களைப் பார்த்து அச்சுச் செய்து, ஃபைபர் துணியும் பசையும் தடவித் தடவி அதற்கு ஒரு உடம்பு கொடுத்தார். ஆறு வருட வேலை. அந்த மூக்கின் வளைவைச் சரிப்படுத்த மட்டும் மூன்று அச்சு உடைத்தார். கடைசியில் கடும் பச்சை அடித்து வெளியே எடுத்தபோது, காலி வீதியில் பஸ் சாரதிகள் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

வினை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வந்தது. அரைப் பக்கத்துக்குப் படம். பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிவபாதசுந்தரம். 'வெள்ளவத்தை எஞ்சினியர் தன் கைப்பட உருவாக்கிய கார்' என்று தலைப்பு. கீழே, தேடிப் பார்த்தால்தான் தெரியும் இடத்தில், 'உடற்பகுதி வேலைகளைக் கொட்டாஞ்சேனைப் பாஸ் ஒருவர் செய்துகொடுத்தார்' என்று ஒரு வரி. பாஸ் ஒருவர். மேசன் பாஸ், தச்சு பாஸ் மாதிரி, கூலிக்கு வேலை செய்கிற ஒரு பாஸ். அவருக்குப் பெயர் இல்லை. ஹியூபேட் அந்தப் பேப்பரை மனைவி பேர்ணடெற்றுக்குக்கூடக் காட்டவில்லை. நேரே வெள்ளவத்தைக்குப் போய்க் கேட்டார். "பேப்பர்க்காரர் வெட்டிப்போட்டாங்கள், அதுக்கு நான் என்ன செய்யிறது?" என்றார் சிவபாதசுந்தரம். 'பிழை நடந்துபோச்சு' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ஹியூபேட் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்திருப்பார். அந்தச் சொல் வரவில்லை. அதற்குப் பிறகு கதையும் இல்லை.

மருதானையில் டயர்க் கடை வைத்திருந்த மஷூர் இரண்டு பேருக்கும் வேண்டியவர். அவர்தான் தலையைச் சொறிந்து ஒரு ஒழுங்கு பண்ணினார். கார் மூன்று மாதம் கொட்டாஞ்சேனையில், மூன்று மாதம் வெள்ளவத்தையில். முன்பாதியில் எது பழுதானாலும் ஹியூபேட் பொறுப்பு, எஞ்சின் இருக்கும் பின்பாதிக்குச் சிவபாதசுந்தரம் பொறுப்பு. ஒருவர் பாதியில் மற்றவர் கை வைக்கக்கூடாது. காரின் திறப்பு மஷூரின் கடையில் கைமாறும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அங்கே வர நேர்ந்தால் மஷூரைப் பார்த்துக் கதைப்பார்கள். இப்படி நாலு வருடம் ஓடியது. மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள்.

அப்படியிருக்கத்தான் டயர் தேய்ந்தது. நாலும் வழுவழுவென்று, ஒன்றில் கம்பிகூடத் தெரிந்தது. வெளிநாட்டு டயர் இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்த வருடம் அது. சும்மா காருக்கே டயர் இல்லாமல் ஆட்கள் அலைந்தார்கள். இதற்கிடையில் சிவபாதசுந்தரத்தின் மகள் சாம்பவிக்குக் கலியாணம் முற்றாகியிருந்தது. பொம்பிளையை அந்தக் காரில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு மண்டபத்தில் போய் இறங்குவது என்று அவர் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கலியாணம் ஞாயிற்றுக்கிழமை. கார் அவர் முறைக்குக் கைமாறுவது அதற்கு முதல்நாள் சனிக்கிழமை. ஆகவே வியாழக்கிழமை காலையில் இரண்டு பேரும் மஷூரின் கடைக்கு வந்தார்கள், ஹியூபேட் காரில், சிவபாதசுந்தரம் ரயிலில்.

மஷூர் எட்டு டயர்களை எடுத்து இரண்டு அடுக்காக வைத்திருந்தார்.

"இதில ரேடியல் நாலு, அதில நைலோன் நாலு. இந்த சைஸுக்குக் கொழும்பில வேற எங்கயும் தேடி வேலையில்ல. கப்பல் வாறல்ல," என்றார்.

ரேடியல் கறுப்பாக, தடிப்பாக, ஒரு அலங்காரமும் இல்லாமல் கிடந்தது. நைலோன் பழைய காலத்து மாதிரி. ஒடுக்கமான டயர், பக்கவாட்டில் வெள்ளைப் பட்டி. ஹியூபேட் குனிந்து ரேடியலின் வரிகளை நகத்தால் அழுத்திப் பார்த்தார். சிவபாதசுந்தரம் குனியவில்லை. குடை நுனியால் வெள்ளைப் பட்டியைத் தட்டினார்.

"மஷூர், அவருக்குச் சொல்லும். அந்தக் காலத்துக் காருக்கு வெள்ளைப் பட்டிதான் வடிவு. மற்றதைப் போட்டால் பட்டு வேட்டிக்கு ரப்பர்ச் செருப்புப் போட்ட மாதிரி இருக்கும்."

இரண்டு பேருக்கும் நடுவே நாலடி தூரம். ஹியூபேட்டுக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. இருந்தாலும் மஷூர் திரும்பும்வரை காத்திருந்தார். மஷூர் எப்போதும் மீனில் முள்ளெடுத்துப் பரிமாறுவது போலத்தான் பேச்சைப் பரிமாறுவார்.

"அண்ணன், சேர் செல்றது நைலோன் கொஞ்சம் வடிவா ஈக்கும் எண்டு."

"நான் கொஞ்சம் எண்டு சொல்லேல்லை," என்றார் சிவபாதசுந்தரம் கூரையைப் பார்த்து.

"மஷூர், அவருட்ட சொல்லுங்க, ஐப்பசி மழையில வடிவு றோட்டப் பிடிக்காது எண்டு. அந்த நைலோன் நனைஞ்ச றோட்டில சவுக்காரம் மாதிரி வழுக்கும். நாலும் ரேடியல் போடுங்க."

"டயரைப் பற்றி எனக்குப் படிப்பிக்க வேண்டாமெண்டு சொல்லும். தோணிக்கு எங்கை சில்லு இருக்கு?"

படகுக்காரனுக்குச் சக்கரத்தைப் பற்றி என்ன தெரியும் என்ற இந்தக் குத்தலை மஷூர் பரிமாறவில்லை. தேவையும் இருக்கவில்லை. ஹியூபேட்டின் காதுமடல் சிவந்துவிட்டது.

"சொல்லுங்க மஷூர். தோணி செய்யிறவன் செஞ்ச உடம்புக்குள்ள குந்திக்கிட்டுத்தான் அவரு பேப்பருக்குப் பல்லக் காட்டினாரு எண்டு."

கடையில் நின்ற வேறு இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. சிவபாதசுந்தரம் குடையைத் தரையில் ஊன்றினார்.

"சரி. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். முன்பாதி அவரின்ரை. அவர் விரும்பினதைப் போடட்டும். பின்பாதி என்ரை. அதுக்கு வெள்ளைப் பட்டி. பொம்பிளையை இறக்கிற படத்தில விழப்போறது பின்சில்லுத்தான்."

மஷூரின் முகம் மாறியது. நாலு வருடத்தில் முதல் தடவையாக அவர் யாருடைய பேச்சையும் சுமக்காமல் தன் பேச்சைப் பேசினார். "இல்ல சேர், அது கூடாது. நாலும் ஒரே சாதியா ஈக்கணும். கலக்கத்தான் வேணுமெண்டா ரேடியல பின்னால போடுங்க, நைலோன முன்னால போடுங்க. மறுபக்கமாப் போட்டா முன்சில்லு றோட்டப் பிடிக்கும், பின்சில்லு பிடிக்காது. எஞ்சினும் பின்னால. வளைவில வால் சுத்திக்கொண்டு வரும்."

புத்தியுள்ள மனிதர்கள் அந்த இடத்தில் நின்றிருப்பார்கள். இரண்டு பேரில் ஒருவர் விட்டுக்கொடுத்தால் போதும். சிவபாதசுந்தரம் விடமாட்டார், அது தெரிந்ததுதான். ஹியூபேட் விட்டிருக்கலாம். முப்பத்தைந்து வருடமாகக் கடலுக்குப் படகு அனுப்புகிறவர், எது கவிழும் எது கவிழாது என்று தெரிந்தவர். ஆனால் கடையில் நின்றவர்கள் சிரித்து முடிந்த பிறகும், தோணிக்குச் சில்லு இருக்கிறதா என்ற கேள்வி காதுக்குள் இன்னும் நின்றது.

"போடுங்க மஷூர்," என்றார். "முன்னால ரெண்டு எனக்கு."

மஷூர் வியாபாரிதான், நீதிபதி இல்லை. போட்டுக் கொடுத்தார்.

திரும்பிப் போகும்போது தூறல். ஜம்பட்டா வீதியில் ஒரு சின்ன வளைவு. சைக்கிளில் போகிறவன்கூட முந்தக்கூடிய வேகத்தில்தான் ஹியூபேட் வந்தார். ஸ்டியரிங்கைத் திருப்பினார், மூக்கு சொன்னபடி திரும்பியது. பின்பக்கம் மட்டும் நிற்காமல் பக்கவாட்டில் ஓடி, தன் பாட்டில் சுற்றி, கார் வந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றது. பாண் விற்கிற ஒரு ஓட்டோவுக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. "பிஸ்ஸுத அய்யே?" என்று ஓட்டோக்காரன் கத்தினான். பைத்தியமா என்று அவன் கேட்டது நியாயம்தான். ஹியூபேட் காரைத் திருப்பி ஓரமாக நிறுத்தினார். 

அந்த இடத்திலேயே அவருக்கு ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிட்டது. காலி வீதி, மழை, பஸ்கள், முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டதென்று பட்டு வேட்டியோடு விரட்டும் சிவபாதசுந்தரம், பக்கத்து சீட்டில் சாம்பவி. சிவபாதசுந்தரம் எங்கேயாவது போய் முட்டட்டும், அவருக்குக் கவலையில்லை என்று சொல்லிக்கொண்டார். ஆனால் அந்தப் பிள்ளை பள்ளிச் சட்டையோடு அவருடைய வேலைத்தலத்துக்கு வந்து, சில்லும் எஞ்சினும் இல்லாத வெறும் உடம்புக்குள் இருந்து ஹோர்ன் அடிப்பது போல வாயால் சத்தம் போட்டவள். அவள்மேல் அவருக்கு என்ன கோபம்?

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டு முற்றத்தில் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினார். முன்னிரண்டைப் பின்னாலும் பின்னிரண்டை முன்னாலும் மாற்றிப் பூட்டினார். மஷூர் சொன்ன மாதிரி. பேர்ணடெற் குசினி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மனுசனுக்காக என்னத்துக்கு இந்தப் பாடு? நாலு வருஷமா உங்கள ஒரு நாயெண்டும் மதிக்கல்ல."

"அவருக்காக இல்ல. பிள்ள போற கார்."

"அப்ப போன் எடுத்துச் சொல்லுங்களேன், இன்னதுக்காக மாத்தினேன் எண்டு."

அவர் ஸ்பானரைத் துடைத்தார். முதலில் வாய் திறப்பவன் தோற்றவன். இது எங்கும் எழுதி வைக்காத சட்டம். ஆனால் மஷூர் எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தைவிட இரண்டு பேரும் இதைத்தான் ஒழுங்காகக் காப்பாற்றி வந்தார்கள். சனிக்கிழமை விடிய ஹியூபேட் காரை மருதானையில் விட்டு, திறப்பை மஷூரின் கையில் கொடுத்தார்.

"டயர மாத்திப் போட்டது நல்லதுக்குத்தான் எண்டு சொல்லுங்க. சுத்தினதையும் சொல்லுங்க."

மஷூர் சொல்லத்தான் செய்தார். ஆனால் ஒரு மனிதனுக்குக் காது கேட்பதற்கு முதல் கண் தெரிந்துவிடுகிறது. சிவபாதசுந்தரம் கண்டது வெள்ளைப் பட்டி முன்னால் இருப்பதை. அதாவது, தன் பாதியில் அந்நியன் கை வைத்திருப்பதை. மாலை ஆறு மணிக்கு மஷூர் போன் எடுத்தார்.

"அண்ணன், சேர் வெள்ளவத்தையில ஒரு கடையில குடுத்துப் பழையபடி மாத்திட்டாராம்."

"நீங்க விளங்கப்படுத்தல்லையா?"

"ஒண்டுக்கு மூணு தரம் செல்லிட்டன். நீங்களும் நானும் சேந்து அவர ஏமாத்துறமாம். எனக்கும் ஏசிட்டு வெச்சிட்டாரு. என்ன விட்டுடுங்க அண்ணன், உங்கட ரெண்டு பேர்ட சண்டைக்குள்ள இனி நான் வாறல்ல."

 ஹியூபேட் நாலு வருடமாக அழிக்காமல் வைத்திருந்த சிவபாதசுந்தரத்தின் நம்பரை அழுத்தினார். மணி அடித்து, வெட்டுப்பட்டது. இரண்டாம் தரமும் வெட்டுப்பட்டது. ஐந்தாம் தரம் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. "பாருங்க, உங்கட ஆள்ட லட்சணத்த," என்றாள் பேர்ணடெற். அவர் எழுந்துபோய் ஃபைபர் துணி வெட்டும் கத்தியை எடுத்து, கூர் பார்த்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததே மழையோடு. எட்டு மணிக்கு ஹியூபேட் வெள்ளவத்தையில், கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஓட்டோவை விட்டு இறங்கினார். அடுக்குமாடியின் கீழே, தூண்களுக்கு நடுவே, கார் நின்றது. மூக்கிலிருந்து வால்வரை மல்லிகைச் சரம். அவர் செய்த வளைவெல்லாம் பூவுக்குள் மறைந்திருந்தது. பின்சில்லுகளில் வெள்ளைப் பட்டி பளபளத்தது. பட்டு வேட்டியும் சால்வையுமாகச் சிவபாதசுந்தரம் ஒரு படப்பிடிப்புக்காரத் தம்பிக்கு எந்தக் கோணத்தில் எடுக்க வேண்டுமென்று காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மைத்துனரும் இரண்டு மூன்று சொந்தக்காரரும் நின்றார்கள்.

"சிவா," என்றார் ஹியூபேட்.

நாலு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அந்த முகத்துக்கு நேரே சொன்னார். சட்டப்படி அவர் தோற்றுவிட்டார். அது அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

"சிவா, இந்தக் காரில பிள்ளைய ஏத்தாதீங்க. வியாழக்கிழமை தூறலுக்குள்ள எனக்கு வால் சுத்தி, வந்த பக்கமே திரும்பி நிண்டது. இருபது நிமிஷம் தாங்க, இப்பவே நான் முன்னயும் பின்னயும் மாத்தித் தாறன். ஒருத்தர் உதவி வேணாம். நானே செய்யிறன்."

சிவபாதசுந்தரம் அவரைப் பார்க்கவில்லை. கமராவோடு நின்றவனைப் பார்த்தார்.

"தம்பி, உவருக்குச் சொல்லும். நேற்றுக் கடையிலயிருந்து இந்தக் காரை நான்தான் ஓடிக்கொண்டு வந்தனான். ஒண்டும் சுத்தேல்லை."

அந்தத் தம்பி பாவம், ஒன்றும் விளங்காமல் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தான்.

"நேத்து வெயில்!" என்று ஹியூபேட் சத்தம் போட்டார். "நேத்து றோட்டு காஞ்சு கிடந்தது! இண்டைக்குப் பாருங்க!"

"இதையும் சொல்லும் தம்பி. பேப்பரில பேர் வரேல்லை எண்ட எரிச்சல் ஆளுக்கு இன்னும் அடங்கேல்லை. என்ரை பிள்ளையின்ரை கலியாணப் படத்திலயாவது தன்ரை டயர் தெரியவேணுமெண்டு நிக்கிறார். போகச் சொல்லும். நல்ல காரியம் நடக்கிற இடம்."

எரிச்சல் அடங்கவில்லை என்பது உண்மை.  பொய்யென்றால் மறுத்திருக்கலாம். உண்மையைப் பிடித்துக்கொண்டு பிழையான இடத்தில் நிற்கிறவனுக்கு என்ன பதில் சொல்வது? மேலே மூன்றாம் மாடியில் மணிச்சத்தம் கேட்டது. பொம்பிளையை இறக்கப் போகிறார்கள். கெஞ்ச இனி நேரமில்லை, கெஞ்சினால் கேட்கிற ஆளும் இல்லை.

அவர் முன்சில்லுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டார். வால்வு மூடியைக் கழற்றி, ஊசியைப் பிடுங்கினார். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. முதலில் யாருக்கும் விளங்கவில்லை. டயர் நெளிந்ததும் கத்தியைப் பக்கவாட்டில் ஏற்றி, படகுக்குத் துணி வெட்டுகிற அதே கைப்பழக்கத்தில், ஒரு முழ நீளத்துக்கு இழுத்தார். எழுந்து மற்றப் பக்கம் போனார். அதற்குள் மைத்துனர் ஓடிவந்து சட்டையைப் பிடித்தார். சட்டை கிழிந்தது. இரண்டாவது டயரிலும் காற்று போய்க் கத்தி இறங்கிவிட்டது. கொழும்பு முழுக்கத் தேடினாலும் கிடைக்காத புது டயர்கள் இரண்டும் பூச்சரத்துக்குக் கீழே சப்பளிந்து கிடந்தன.

"முன்பாதி என்னது," என்றார் ஹியூபேட் மூச்சு வாங்க. "என்ட டயர நான் வெட்டினன்."

"நாயே!" என்று சிவபாதசுந்தரம் அலறினார். "பொறாமை பிடிச்ச நாயே! என்ரை பிள்ளையின்ரை நாளிலயோடா உன்ரை வஞ்சத்தைத் தீர்க்க வந்தனி?"

நாலு வருடத்துக்குப் பிறகு அவர் ஹியூபேட்டிடம் நேரே பேசிய பேச்சு அது. மைத்துனர் ஹியூபேட்டின் கன்னத்தில் ஒன்று வைத்தார். அடுக்குமாடிக் காவலாளி ஓடிவந்து கத்தியைப் பறித்து, கையை முதுகுப் பக்கம் முறுக்கிப் பிடித்தான். யாரோ பொலிசுக்குச் சொல்லு என்றார்கள். யாரோ முகூர்த்தம் முடியட்டும் என்றார்கள். ஒருவர் காலி வீதிக்கு ஓடி ஒரு வாடகை வானைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அப்போதுதான் சாம்பவி இறங்கி வந்தாள். சிவப்புக்கரைச் சேலை, தலை நிறையப் பூ, முழங்கை வரை மருதோன்றி. சப்பளிந்த சில்லையும், அழுகிறாரா ஏசுகிறாரா என்று தெரியாமல் நின்ற அப்பாவையும், கிழிந்த சட்டையோடு பிடிபட்டு நின்ற ஹியூபேட்டையும் பார்த்தாள். அப்பா அவளுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார். வானுக்குப் போகச் சொல்லி எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். அவள் போகாமல், மழைச்சாரல் சேலையில் பட, அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அங்கிள், எங்கட அப்பாவில இவ்வளவு கோவமோ உங்களுக்கு? அதை என்ரை கலியாணத்திலயோ காட்டவேணும்?"

சொல்லியிருக்கலாம். இரண்டே வசனம். ஆனால் தாலிக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருக்கும் பிள்ளை அவள். இந்தக் காரில் ஏறியிருந்தால் நீ மண்டபம் போய்ச் சேர்ந்திருக்கமாட்டாய், உன் அப்பா தன் கையாலேயே உன்னைக் கொண்டுபோய்ச் சாவுக்குக் கொடுத்திருப்பார் என்று, மருதோன்றி போட்டு நிற்கும் பிள்ளையிடம் சாவைப் பற்றி வாய் திறப்பதா? உப்புப் போட்டுச் சாப்பிடுகிற எவனும் அதைச் செய்யமாட்டான். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் கையை அந்த அப்பாதான் தன் கையால் பிடித்து மாப்பிள்ளையின் கையில் கொடுக்கப் போகிறார். அந்தக் கையை அவள் பயந்து பார்க்கக் கூடாது.  யாராவது ஒருவர், அங்கே நின்றவர்களில் ஒரேயொரு ஆள், உண்மையை அறிந்தால் போதுமென்று ஹியூபேட்டுக்கு இருந்தது.

"ஓம், பிள்ள," என்றார். "அவ்வளவு கோவம்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் கையைப் பற்றி, வானில் ஏறினாள். வான் ஒழுங்கையைத் தாண்டித் திரும்பும்வரை காவலாளி ஹியூபேட்டின் கையை விடவில்லை.